கிள்ளான் கிளினிக்கில் இறந்தவர்களுக்கே முதல் நம்பர்

கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன் "கவலையே படாதீங்க" என்று சொன்னால், அந்த நொடியிலிருந்து கவலைப்படத் தொடங்கிவிட வேண்டும். அனுபவத்தில் சொல்கிறேன். அந்த வாக்கியத்தை நான் ரொம்பத் தைரியமாகச் சொன்னதன் பலனாக, கோலாலம்பூருக்குப் பக்கத்துக் கிள்ளானில் ஒரு கிளினிக்கில், மழை பெய்த ஒரு மத்தியானத்தில், இறந்துபோனவர்களை மைக்கில் பெயர் சொல்லிக் கூப்பிட்டோம். ஒரு பெயருக்கு ஒரு மனிதர் எழுந்தும் நின்றார்.

அப்போது தொண்ணூறுகளின் தொடக்கம். என்னிடம் கம்ப்யூட்டர் டிப்ளோமா ஒன்று, டை இரண்டு, அடக்கம் பூஜ்யம். டாக்டர் பத்மா என்ற அம்மையாரிடம் வேலை. கிள்ளான், பண்டமாரான், காஜாங், பூச்சோங் என்று பல இடங்களில் அவருக்குக் கிளினிக்குகள் இருந்தன. தலைமை அலுவலகம் பிரிக்பீல்ட்ஸில், ஒரு பூக்கடைக்கு மேல்மாடியில். (மல்லிகை வாசத்தில் உட்கார்ந்து புரோகிராம் எழுதிய ஒரே ஆள் கோலாலம்பூரிலேயே நானாகத்தான் இருப்பேன்.)

ஒவ்வொரு கிளினிக்கிலும் தனித்தனிக் கம்ப்யூட்டர். கிள்ளான் நோயாளியின் விவரம் கிள்ளான் மெஷினில் மட்டும்தான் இருக்கும். அவர் காஜாங்கில் மகள் வீட்டுக்குப் போன இடத்தில் காய்ச்சல் வந்து படுத்தால், காஜாங் கிளினிக்குக்கு அவர் யாரோ எவரோ. எந்த மருந்து அவருக்கு ஒத்துக்கொள்ளாது என்பதுகூட அங்கே தெரியாது. அதனால் எல்லா ஊர் விவரங்களையும் பிரிக்பீல்ட்ஸில் புதிதாக வந்திறங்கியிருந்த பெரிய மெஷின்களுக்கு மாற்றிவிடுவது என்று டாக்டர் முடிவு செய்தார். அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. விழுந்தது என்ன, நானே தலையை நீட்டினேன்.

டாக்டர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"தயாளன், என் கிளினிக்க ஒரு நாள்கூட மூடக் கூடாது. ஆஸ்துமாக்காரன் மூச்சு வாங்கிட்டு வந்து நிப்பான். 'கம்ப்யூட்டர் வீடு மாறுது, நாளைக்கு வாங்க'ன்னு நான் சொல்ல முடியாது. புரியுதா?"

"கவலையே படாதீங்க டாக்டர்."

சொல்லிவிட்டேன்.

என் திட்டம் கேட்பதற்கு அழகாகத்தான் இருந்தது. கிளினிக்கில் மிஸ்ஸி (எங்கள் ஊரில் நர்ஸுக்கு அதுதான் பெயர்) எதைத் தட்டினாலும் அது பழைய மெஷினிலும் பதியும், புதிய மெஷினிலும் பதியும். அதற்கு முந்தைய விவரங்களை நான் சேமிப்பு டேப்பிலிருந்து புதிய மெஷினுக்கு ஏற்றிவிடுவேன். பிறகு 'வாட்ச்மேன்' என்று நான் பெயர் வைத்திருந்த ஒரு புரோகிராம் இரண்டு மெஷின்களையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே இருக்கும். ஒன்றில் இருப்பது இன்னொன்றில் இல்லையென்றால், விட்டுப்போனதை எடுத்து நிரப்பும். இரண்டும் ஒன்றுபோல ஆனதும் பழையதை அணைத்துவிடலாம். நோயாளிக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது.

போகிற போக்கில் ஒரு சொந்தச் சரக்கையும் சேர்த்தேன். பிரஷர், சர்க்கரை பார்க்க மாதாமாதம் வருகிறவர்களின் பெயர்கள் அன்றன்றைக்குத் திரையில் வரும். மிஸ்ஸி அதைப் பார்த்து மைக்கில் கூப்பிடுவார். குறித்த நாளில் வராமல் ஏமாற்றுகிறவர்களின் பெயர் அடுத்த நாள் பட்டியலில் எல்லோருக்கும் மேலே வரட்டும் என்று மாற்றி எழுதினேன். எவ்வளவு நாள் வரவில்லையோ அவ்வளவு மேலே. டாக்டர்கூடப் பாராட்டினார்.

முதலில் மாறியது கிள்ளான். வாட்ச்மேனை அன்று காலை ஓடவிட்டுவிட்டு, பாராட்டை நேரில் வாங்கிக்கொள்ள மோட்டாரில் கிள்ளானுக்குப் போனேன். டையோடு.

மத்தியானம் கிளினிக் நிரம்பியிருந்தது. கவுண்டரில் மிஸ்ஸி லெட்சுமி. அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். கூடத்தில் இருந்த பாதிப்பேரை அக்கா, அங்கிள் என்றுதான் கூப்பிடுவார். வெளியே மழைக்கு முந்திய இருட்டு. பட்டப்பகலில் ட்யூப்லைட்டைப் போட்டிருந்தார்கள். திரையில் பச்சை எழுத்துகள் மின்னிக்கொண்டிருந்தன. எல்லாம் என் கைவண்ணம் என்ற பூரிப்பில் கவுண்டருக்குள் போய் நின்றுகொண்டேன்.

டாக்டர் வருவதற்குள் பிரஷர் பார்த்துவைக்க மிஸ்ஸி மைக்கை எடுத்து, திரையில் வந்த வரிசையை வழக்கமான வேகத்தில் படித்தார். "பெருமாள்... மிஸ்டர் பெருமாள்."

யாரும் வரவில்லை. மிஸ்ஸி திரையை உற்றுப் பார்த்தார். நெற்றி சுருங்கியது. அடுத்த பெயரைப் படித்தார். "சின்னப்பன்."

யாரும் வரவில்லை. கூடத்தில் இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"டான் ஆ கௌ."

முன் வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு சீனக் கிழவர் நாளிதழை மடித்துவிட்டுச் சொன்னார்: "ஹேய் மிஸ்ஸி, அவன் சுடா மாத்தி லா!"

செத்துவிட்டான் என்கிறார். கூடம் சிரித்தது. நானும் பெருந்தன்மையோடு சிரித்தேன். மிஸ்ஸி மட்டும் சிரிக்கவில்லை. மைக்கை அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, இந்த மூணு பேருமே இல்ல தம்பி."

"வரலையா?"

"இல்லன்னா, இல்ல. போய்ட்டாங்க. பெருமாள் அங்கிள் சாவுக்கு நானே போயிருந்தேன். இந்தக் கையாலதான் அவரு பேர அழிச்சேன்."

"அப்ப சரியா அழிஞ்சிருக்காது மிஸ்ஸி. கொஞ்சம் தள்ளுங்க." நாற்காலியில் உட்கார்ந்து, பியானோ வாசிக்கிறவன் மாதிரி விரலை நெட்டி முறித்துக்கொண்டு, பெருமாளை அழித்தேன். சின்னப்பனை அழித்தேன். டான் ஆ கௌவையும் அழித்தேன். திரை சுத்தமானது. "பாத்தீங்களா? அவ்வளவுதான்."

திரும்பி அவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தபோதே மிஸ்ஸியின் முகம் மாறியது. அவர் பார்வை என் தோளுக்குப் பின்னால் போயிருந்தது.

திரும்பினேன். பெருமாள் வந்திருந்தார்.

ஒரு சத்தமும் இல்லை. பட்டியலின் மேல் பாகத்தில், பச்சை எழுத்தில், அழிப்பதற்கு முன் எங்கே இருந்தாரோ அதே இடத்தில். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவருக்குக் கீழே சின்னப்பன் வந்தார். பிறகு டான் ஆ கௌ. பிறகு நான் அழிக்காத, அதுவரை அங்கே இல்லாத பெயர்கள் ஒவ்வொன்றாக வந்து கீழே நின்றன. யாரோ கதவைத் திறந்துவிட்டது போல.

மறுபடி அழித்தேன். மறுபடி வந்தார்கள்.

"தம்பி," மிஸ்ஸி குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வயசப் பாருங்க."

"என்ன வயசு?"

"பெருமாள் அங்கிள் சாகும்போது எழுபத்தொண்ணு. இப்ப எழுபத்திரண்டு போட்டிருக்கு."

பிறந்த தேதியிலிருந்து வயதைக் கணக்கிடும் வரியை எழுதியவன் நான்தான். அது எப்படி வேலை செய்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த நிமிடத்தில் எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: போன இடத்திலும் இந்த மனிதருக்கு வயது ஏறிக்கொண்டிருக்கிறது. டைக்குள் கழுத்து வியர்த்தது. வெளியே மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் விழுந்த சத்தத்தில் கூடத்தின் பேச்சு அடங்கிப்போனது.

நீண்ட நாள் வராதவர்கள் மேலே. என் சொந்தச் சரக்கு. இறந்தவர்களைவிட நீண்ட நாள் வராதவர்கள் யார் இருக்கிறார்கள்? உயிரோடு இருமிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் பட்டியலின் அடியில் கிடந்தார்கள். பின்வரிசையிலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார். "மிஸ்ஸி, செத்தவனுக்கு முதல் நம்பரா? நாங்கெல்லாம் செத்துட்டுத்தான் வரணுமா?" இந்தமுறை பாதிப்பேர்தான் சிரித்தார்கள்.

"நான் படிக்க மாட்டேன் தம்பி," என்று மிஸ்ஸி மைக்கைக் கீழே வைத்தார். "கூப்பிட்டா வந்துடுவாங்க."

"என்ன மிஸ்ஸி நீங்க, படிச்சவங்க..." என்று ஆரம்பித்தேன். என் குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது. அந்த இடத்தில் அறிவுள்ளவன் பிரிக்பீல்ட்ஸுக்குப் போன் போட்டிருப்பான். நான் மைக்கை எடுத்தேன். திரையை மேலிருந்து கீழே பார்த்தேன். ஆண்கள் பெயராக வரிசையாக வந்ததற்கு நடுவே ஒரு பெண் பெயர் இருந்தது. இது நிச்சயம் உயிரோடு இருப்பவராகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். (எதை வைத்து என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.) அறிவிப்பாளர் குரலில், அழுத்தம் திருத்தமாகக் கூப்பிட்டேன்.

"திருமதி தெய்வானை முத்தையா."

பின்வரிசையில், தேய்த்த வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெரியவர் எழுந்து நின்றார்.

அப்பாடா என்றிருந்தது எனக்கு. மிஸ்ஸி என் கையைக் கிள்ளினார். "அவரு முத்தையா அங்கிள். அந்தம்மா புருஷன். அந்தம்மா போன வருஷமே போய்ட்டாங்க."

பெரியவர் மெதுவாக நடந்து கவுண்டருக்கு வந்தார். கோபமில்லை, அழுகை இல்லை. கவுண்டரில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, ரகசியம் கேட்பது போல என்னிடம் கேட்டார்:

"வந்திருக்காளா?"

நான் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"எங்க இருக்கா?" அவர் திரும்பி வாசலைப் பார்த்தார். அவர் பார்க்கவும் கூடமே திரும்பி வாசலைப் பார்த்தது. நானும் பார்த்தேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே மழை ஒரு திரைபோல இறங்கிக்கொண்டிருந்தது. அதற்கு நடுவில், வெளிர்நிறச் சேலை கட்டிய ஒரு உருவம் நின்றிருந்தது. முகம் தெரியவில்லை. அது கையை நீட்டிக் கதவைத் தள்ளியது.

அடுத்து நடந்ததைப் பற்றி இரண்டு வரலாறுகள் உண்டு. நான் அமைதியாகக் குனிந்து கேபிளைச் சரிபார்த்தேன் என்பது என்னுடையது. மைக் என் கையிலேயே, திறந்த நிலையிலேயே இருந்தது என்பதால் "ஐயோ அம்மா!" என்ற என் குரல் ஒலிபெருக்கி வழியாக, பக்கத்துக் கடைவரை கேட்டது என்பது மிஸ்ஸி லெட்சுமியுடையது. மிஸ்ஸி சொல்வதுதான் உண்மை. கவுண்டருக்கு அடியில் பாய்ந்தேன். பாய்ந்ததில் என் கால் எதிலோ சிக்கி, அதை இழுத்தது. மேலே பச்சை வெளிச்சம் அணைந்தது. ஒரு நொடியும் நிற்காது என்று நான் வாக்குக் கொடுத்த மெஷின், என் கால் பட்டு நின்றது.

"யாரு கத்துனது?" டாக்டர் பத்மாவின் குரல். குடையை மடக்கி உதறிக்கொண்டே உள்ளே வந்தார். கூடம் முழுவதும் கவுண்டரின் அடிப்பாகத்தைக் கைகாட்டியது என்று பிறகு சொன்னார்கள். நான் பார்க்கவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் டாக்டரின் நனைந்த செருப்புகள் மட்டும்தான்.

"தயாளன், எழுந்திரு."

எழுந்தேன். டை மட்டும் ஏதோ ஒரு ஆணியில் மாட்டிக்கொண்டதால் பாதிதான் எழ முடிந்தது. மிஸ்ஸி கத்தரிக்கோலை எடுத்து அதை நறுக்கி என்னை விடுவித்தார்.

மெஷின் மறுபடி உயிர் பெறுவதற்குள் டாக்டர் நோயாளிகளை வாயால் விசாரித்தே பார்க்கத் தொடங்கிவிட்டார். முதலில் முத்தையா அங்கிளை உள்ளே அழைத்தார். மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியதும் என்னையும் கூப்பிட்டார். நல்ல திட்டு விழப்போகிறது என்று போனேன். டாக்டர் திட்டவில்லை. தன் மேஜைத் திரையைக் காட்டினார்; குரல் வழக்கத்தைவிட மெதுவாக இருந்தது.

"இந்த மாத்திரை இவருக்கு ஒத்துக்கல. மயக்கம் போட்டு விழுந்தாரு. நான்தான் நிறுத்துனேன். லெட்சுமிய அழிக்கச் சொன்னதும் நான்தான். இப்ப ஏன் திரும்ப இருக்கு?"

நான் பார்த்தேன். மற்ற மாத்திரைகளுக்கு நடுவே, ஒன்றும் நடக்காதது போல, அந்த ஒரு வரி உட்கார்ந்திருந்தது.

"இன்னிக்கு நான் மழையில மாட்டிக்கிட்டு, வேற டாக்டர் உக்காந்திருந்தா, இதப் பாத்துட்டு எழுதிக் குடுத்திருப்பாரு. செத்தவங்க பேரு திரும்பி வந்தா நீ மேஜைக்கு அடியில போய்டலாம் தயாளன். நிறுத்துன மாத்திரை திரும்பி வந்தா, உயிரோட இருக்கறவரு போய்டுவாரு."

மற்றவர்களின் விவரங்களில் எது எது திரும்பி வந்திருக்கிறது? யாருக்குத் தெரியும்? இறந்தவர்களாவது பெயரோடு வந்து வரிசையில் நின்றார்கள். இவை சத்தம் போடாமல் உயிருள்ளவர்களின் நடுவே வந்து உட்கார்ந்திருந்தன.

"நாங்க அழிச்சோம்னு உன் மெஷினுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார் டாக்டர்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் புதிய மெஷினில் ஏற்றியது பழைய டேப். அந்த டேப் எடுத்த காலத்தில் பெருமாள் உயிரோடு இருந்தார். அந்த மாத்திரையும் இருந்தது. அதற்குப் பிறகு கிள்ளானில் அழித்தவை டேப்பில் அழியவில்லை. வாட்ச்மேன் இரண்டு மெஷினையும் பார்த்தான். புதியதில் பெருமாள் இருக்கிறார், கிள்ளானில் இல்லை. ஐயோ, கிள்ளான் தொலைத்துவிட்டதே என்று எடுத்துக்கொண்டுவந்து வைத்தான். கிள்ளானில் நான் அழிக்க, அந்த உத்தரவு பிரிக்பீல்ட்ஸுக்குப் போய்ச் சேர்வதற்குள் அவன் முந்திக்கொண்டு திரும்ப வைத்துவிட்டான்.

"அதுக்குத் தெரியாது டாக்டர்," என்றேன். "இல்லன்னு மட்டும்தான் அதுக்குத் தெரியும். தொலைஞ்சதா, செத்ததான்னு தெரியாது."

"அப்ப சொல்லிக் குடு."

பிரிக்பீல்ட்ஸுக்குப் போன் போட்டேன். அலுவலகத்தில் இருந்த சாந்தி எடுத்தாள். "சாந்தி, உடனே வாட்ச்மேன நிறுத்து!"

"எந்த வாட்ச்மேன் அண்ணே? எதுத்த பேங்க் ஜாகாவா? அவரு சாப்பிடப் போயிருக்காரே லா."

அவளுக்கு விளக்கி, சரியான விசையைத் தட்டவைப்பதற்குள் இன்னும் எத்தனை பேர் எழுந்து வந்தார்களோ.

அதன் பிறகு நடந்தது வேலை, வெறும் வேலை. திரையைப் பார்த்து யாருக்கும் மருந்து கொடுக்கக் கூடாது என்று டாக்டர் கிள்ளானில் சொல்லிவிட்டார். மிஸ்ஸிகள் ஒவ்வொரு நோயாளியையும் கேட்டுக் கேட்டுக் கொடுத்தார்கள். நான் புரோகிராமை மாற்றினேன். இனி எதையும் அடியோடு அழிக்கக் கூடாது. இறந்தவர் பெயர் இருந்த இடத்தில் 'காலமானார்' என்ற குறி இருக்க வேண்டும். நிறுத்திய மருந்துக்குப் பக்கத்தில் 'நிறுத்தப்பட்டது' என்று இருக்க வேண்டும். அந்தக் குறியைக் கண்டால் வாட்ச்மேன் கிட்டே போகக் கூடாது. ஊர் ஊராகப் போய், மிஸ்ஸிகளோடு உட்கார்ந்து, ஒவ்வொரு குறியாகப் போட்டோம். மிஸ்ஸி லெட்சுமி பெயரைச் சொல்லி, ஆள் எப்படிப் போனார் என்றும் சொல்லுவார். நான் தட்டுவேன். பிறகு பண்டமாரான், காஜாங், பூச்சோங் எல்லாம் ஒரு நாள்கூட மூடாமல் மாறின. கிள்ளானில் அந்த ஒரு மத்தியானம் நின்றது மட்டும்தான். அது மெஷின் கோளாறு அல்ல, கால் கோளாறு.

முத்தையா அங்கிளிடம் அன்றே மன்னிப்புக் கேட்டேன். மழை விடுவதற்காக அவர் வாசல் பெஞ்சில் காத்திருந்தார். பாதி டையோடு போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"மன்னிச்சிடுங்க அங்கிள். தெரியாம கூப்பிட்டுட்டேன்."

"உக்காரு தம்பி. அவ செத்தது உங்க மெஷினுக்குத் தெரியாதாமே, மிஸ்ஸி சொன்னுச்சு."

"தெரிஞ்சிருந்துச்சு அங்கிள். மறந்துடுச்சு."

அவர் தலையாட்டினார். "நானும் அப்படித்தான். மழை வந்தா, துணிய எடுடின்னு வீட்டுக்குள்ள பாத்துக் கத்திடறேன். இன்னிக்கு நீ கூப்பிட்டப்பகூட, சரி, மாத்திரை வாங்க வந்திருக்கான்னுதான் தோணுச்சு." வெளியே கையை நீட்டி, மழை குறைந்திருக்கிறதா என்று பார்த்தார். "ஆனா பேர நல்லாச் சொன்ன. எல்லாரும் அவள தேவானை, தேவானைன்னுதான் கூப்பிடுவாங்க. தெய்வானைன்னு முழுசாச் சொன்னா ரொம்பச் சந்தோஷப்படுவா."

மழை விட்டதும் அவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தேங்கிய தண்ணீரைத் தாண்டித் தாண்டிப் போனார்.

இந்தக் கதை எங்கள் குடும்பத்துக்கு எப்படிப் போனது என்று கேட்கிறீர்களா? மிஸ்ஸி லெட்சுமி என் மனைவிக்கு ஒன்றுவிட்ட அக்கா என்பது கல்யாணம் நிச்சயமான பிறகுதான் தெரிந்தது. அதற்குள் கதை உறவில் வீடு வீடாகப் போய்விட்டிருந்தது. அன்றிலிருந்து உறவில் எந்தச் சாவு வீட்டுக்குப் போனாலும், "மாப்பிள்ளைய கம்ப்யூட்டர் பக்கம் விட்டுடாதீங்க" என்று யாராவது ஒருவர் சொல்லாமல் இருப்பதில்லை.

சில வருஷங்களுக்கு முன் காஜாங்கில் என் மனைவியின் மாமா தவறிப்போனார். பத்திரிகையில் போட இறப்பு அறிவிப்பைத் தட்ட ஆளில்லை. நான் அவர் வீட்டுக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து அவர் பெயரின் முதல் எழுத்தைத்தான் தட்டியிருப்பேன். கூடத்திலிருந்து மச்சினன் அலறினான்: "அலமாக்! மச்சான எழுப்புங்கடா அங்கேருந்து, மாமா எந்திரிச்சு வந்துடப் போறாரு!"

சாவு வீடு என்றும் பாராமல் நாலு பேர் சிரித்துவிட்டு, உடனே வாயைப் பொத்திக்கொண்டார்கள். காலையிலிருந்து யாரோடும் ஒரு வார்த்தை பேசாமல், மாமாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அத்தை மெல்ல நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"நீ தட்டு மாப்பிள்ள," என்றார். "வந்தா வரட்டும். ஆனா சிகரெட்ட விட்டுட்டு வரச் சொல்லு."